இரு தடவை என்ற எல்லை: இலங்கை ஜனாதிபதிப் பதவியின் காலக் கணக்கு

இலங்கையின் இரண்டாவது குடியரசு அரசமைப்பு 1978 செப்டெம்பர் 7ஆம் நாள் நடைமுறைக்கு வந்தபோது, சென்ற இயலில் விரித்துரைக்கப்பட்ட நிறைவேற்றதிகார ஜனாதிபதிப் பதவி, அதாவது அரசின் தலைவராகவும் அரசாங்கத்தின் தலைவராகவும் முப்படைகளின் தளபதியாகவும் ஒருவரே அமர்ந்து, பாராளுமன்றத்தின் நம்பிக்கையைச் சார்ந்திராமல் மக்களின் நேரடி வாக்கால் தெரிவாகும் பதவி, அந்நாட்டில் வேரூன்றியது. இவ்வளவு அதிகாரத்தை ஒருவர் கையில் ஒப்படைத்த அந்த அரசமைப்பு அவருக்கு இரண்டு எல்லைகளை மட்டும் காலத்தால் வகுத்தது. உறுப்புரை 30(2) பதவிக்காலத்தை ஆறு ஆண்டுகள் என்றது. உறுப்புரை 31(2), மக்களால் இரு தடவை தெரிவுசெய்யப்பட்ட எவரும் அதன் பின்னர் அப்பதவிக்கு மக்களால் தெரிவுசெய்யப்படத் தகுதியுடையவர் அல்லர் என்றது. உறுப்புரை என்பது அரசமைப்பின் எண்ணிட்ட விதி. தமிழ்நாட்டு வாசகர் பிரிவு என்று அறிவது இதனையே.

இவ்விரு எல்லைகளும் ஒரே நோக்கத்திற்கு உரியவைபோலத் தோன்றினாலும் அரசமைப்பை வரைந்தவர்கள் அவற்றிற்குச் சமமான காப்பை அளிக்கவில்லை. எந்தெந்த விதிகளை மாற்றப் பாராளுமன்றத்தின் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு மக்கள் தீர்ப்பும், அதாவது நாடு முழுவதும் வாக்காளரிடம் நேரடியாக ஆம், இல்லை என்று கேட்கும் வாக்கெடுப்பும், தேவை என்பதை உறுப்புரை 83 வரிசைப்படுத்துகிறது. நாட்டின் ஒற்றையாட்சி, இறைமை, தேசியக் கொடி, பௌத்தத்துக்குரிய முதன்மை, சிந்தனைச் சுதந்திரம் முதலியவற்றோடு, ஜனாதிபதியின் அல்லது பாராளுமன்றத்தின் காலத்தை ஆறு ஆண்டுகளுக்கு மேல் நீட்டும் திருத்தமும் அந்த வரிசையில் இடம்பெற்றது; இரு தடவை என்ற எல்லையைக் கூறும் 31(2) இடம்பெறவில்லை. ஒரு கதவுக்கு இரட்டைப் பூட்டும் அடுத்த கதவுக்கு ஒற்றைப் பூட்டும் போட்டதற்கு ஒப்பான இந்த ஏற்பாடு கவனக்குறைவால் நேர்ந்ததா, வேண்டுமென்றே செய்யப்பட்டதா என்று வாதிடுவதில் பயன் குறைவு. அடுத்த நாற்பத்தாறு ஆண்டுகளின் வரலாறு பெரும்பாலும் இந்த வேறுபாட்டிலிருந்தே கிளைத்தது என்பதே இங்கு முக்கியம்.

ஒற்றைப் பூட்டே போதும் என்று கருதுவதற்கு அன்று ஓரளவு காரணமும் இருந்தது. 1977 ஜூலைத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 168 இடங்களில் 140ஐக் கைப்பற்றியதற்குத் தொகுதிவாரித் தேர்தல் முறையே வழிசெய்தது என்பதை, அதனால் பயனடைந்த அக்கட்சியின் தலைவர் ஜே. ஆர். ஜயவர்தனவே நன்கு அறிந்திருந்தார். அவருடைய அரசமைப்பு அம்முறையை அகற்றி, ஒரு கட்சி பெறும் வாக்குக்கு ஏற்ப இடம் வழங்கும் விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொண்டுவந்தது. அம்முறையின்கீழ் எந்தக் கட்சியும் தனித்து மூன்றில் இரண்டு பங்கு பெறுவது ஏறத்தாழ இயலாது என்பது பொதுவான நம்பிக்கை. எதிர்காலத்தில் எவருக்கும் எட்டாத அந்தப் பெரும்பான்மை, தம் கையில் இருந்த காலம்வரை அவருக்கு மட்டும் எட்டியது. 1978 முதல் 1988 வரை அவர் அரசமைப்பைப் பதினாறு தடவை திருத்தினார்.

அவற்றுள் 1982 ஓகஸ்டில் நிறைவேறிய மூன்றாவது திருத்தம் இவ்வியலுக்கு நேரடித் தொடர்புடையது. ஜயவர்தன முதலில் மக்களின் வாக்கால் ஜனாதிபதியானவர் அல்லர். பிரதமராக இருந்த அவர், 1972ஆம் ஆண்டு அரசமைப்புக்குச் செய்யப்பட்ட ஒரு திருத்தத்தின் வழியாக 1978 பெப்ரவரி 4இல் அப்பதவிக்கு மாறினார். புதிய அரசமைப்பின் உறுப்புரை 160, அவரை எல்லாக் காரியங்களுக்கும் தெரிவுசெய்யப்பட்ட ஜனாதிபதியாகவே கருதவேண்டும் என்று விதித்து, அவருக்கு அந்நாளிலிருந்து ஆறு ஆண்டுகளை வழங்கியது. மூன்றாவது திருத்தமோ, முதற் பதவிக்காலத்தில் நான்கு ஆண்டுகள் முடிந்தபின் ஜனாதிபதி தாம் விரும்பும் வேளையில் இரண்டாவது காலத்துக்கான தேர்தலை அறிவிக்கலாம் என்றது. காலத்தின் நீளம் மாறவில்லை, தடவைகளின் எண்ணிக்கையும் மாறவில்லை; தேர்தல் நாளைக் குறிக்கும் உரிமை மட்டும் போட்டியாளர்களுள் ஒருவரின் கைக்கு வந்தது. முன்கூட்டி நடக்கும் தேர்தலில் வென்றவரின் இரண்டாவது காலம், முதற்காலம் தொடங்கிய நாளும் மாதமும் தேர்தலுக்குப் பின் அடுத்து வரும்போதே தொடங்கும் என்றும் ஒரு கணக்கு அத்திருத்தத்தில் எழுதப்பட்டது. பார்வைக்குச் சிறிய இந்தக் கணக்கு பின்னர் இரு ஜனாதிபதிகளை நீதிமன்றத்தின் கருத்துக்குக் காத்திருக்க வைத்தது.

1982 ஒக்டோபர் 20ஆம் நாள் நடந்த தேர்தலில் ஜயவர்தன 52.9 விழுக்காடு வாக்குகளைப் பெற்று வென்றார். அவருக்கு நிகராக நின்றிருக்கக்கூடிய சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமைகள் 1980 ஒக்டோபரில் ஏழாண்டுகளுக்குப் பறிக்கப்பட்டிருந்ததால், அவருடைய ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி ஹெக்டர் கொப்பேகடுவவை நிறுத்தியிருந்தது. வெற்றி கிடைத்த கையோடு ஜயவர்தன பொதுத் தேர்தலுக்குச் செல்லவில்லை. சென்றிருந்தால் புதிய விகிதாசார முறையில் ஆறில் ஐந்து பங்கு பெரும்பான்மை கரைந்துபோயிருக்கும். தம் கட்சி உறுப்பினர்களிடம் திகதியிடப்படாத பதவி விலகல் கடிதங்களைப் பெற்றுவைத்துக்கொண்டு, 1977இல் தெரிவான பாராளுமன்றத்தையே மேலும் ஆறு ஆண்டுகள் நீட்டலாமா என்று 1982 டிசெம்பர் 22ஆம் நாள் மக்களிடம் கேட்டார். நீட்டிப்புக்கு விளக்கும் எதிர்ப்புக்குக் குடமும் சின்னங்களாகத் தரப்பட்டன. நாடளாவிய நிலையில் விளக்கு 54.66 விழுக்காட்டுடன் வென்றது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்டோர் குடத்துக்கே வாக்களித்தனர். உறுப்புரை 83 காத்து நின்ற எல்லையையே, அது கேட்ட மக்கள் தீர்ப்பை நடத்தி, ஜயவர்தன தாண்டினார் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். இரட்டைப் பூட்டும் திறக்கக்கூடியதே.

ஆயினும் 1988இல் அவர் 31(2)ஐத் தொடவில்லை. 1977ஆம் ஆண்டுப் பாராளுமன்றம் அவ்வாண்டு டிசெம்பர்வரை அப்படியே இருந்தது. மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலான உறுப்பினர் அவர் பக்கம் இருந்தனர். அந்த உறுப்புரையை நீக்க மக்கள் தீர்ப்பும் தேவைப்படவில்லை. பதினாறு தடவை திருத்தியவருக்குப் பதினேழாவது தடவை அரிதாக இருந்திராது. 82 வயது, 1987 ஜூலையின் இந்திய–இலங்கை ஒப்பந்தம் தெற்கில் மூட்டிய எதிர்ப்பு, மக்கள் விடுதலை முன்னணியின் ஆயுதக் கிளர்ச்சி, கட்சிக்குள் ரணசிங்க பிரேமதாச முதலியோரின் நீண்ட காத்திருப்பு ஆகிய யாவும் அவரை விலகத் தூண்டியிருக்கக்கூடும். எப்படியாயினும் இரு தடவை என்ற எல்லை தன் முதற் சோதனையைக் கடந்தது. கடந்தது சட்டத்தின் வலிமையாலன்று, அதை மாற்ற வல்லவர் மாற்ற முனையாததால் என்று கூறுவதே பொருந்தும். பின்னாளைய எழுத்துகள் பல இதனை அரசமைப்பின் வெற்றியாகக் காட்டுவது சற்று மிகைப்பட்ட கூற்றாகும்.

அடுத்து வந்த இருவர் காலத்தில் இந்த வினா எழவேயில்லை. 1988 டிசெம்பர் 19இல் தெரிவான ரணசிங்க பிரேமதாச 1993 மே தினத்தன்று கொல்லப்பட்டார். எஞ்சிய காலத்துக்குப் பாராளுமன்றம் டி. பி. விஜேதுங்கவைத் தெரிவுசெய்தது, 31(2) மக்களால் தெரிவாவதை மட்டுமே எண்ணுவதால் இத்தகைய பதவிக்காலம் கணக்கில் சேராது. அவர் 1994 தேர்தலில் நிற்காமல் ஒதுங்கினார்.

1994 நவம்பரில் 62.28 விழுக்காடு வாக்குகளோடு வந்த சந்திரிகா குமாரதுங்க, ஜனாதிபதி முறையையே ஒழிப்பதாக வாக்களித்தவர். ஐந்தாண்டுகள் கழிந்தும் அது நிறைவேறாத நிலையில், மூன்றாவது திருத்தம் தந்த உரிமையைக்கொண்டு 1999 டிசெம்பர் 21இல் முன்கூட்டித் தேர்தல் நடத்தினார். மூன்று நாள் முன்னர் கொழும்பில் நடந்த குண்டுத் தாக்குதலில் ஒரு கண்ணின் பார்வையை இழந்த அவர், வென்ற மறுநாளே, டிசெம்பர் 22இல், பதவிப் பிரமாணம் செய்துகொண்டார். முதற்காலம் 1994 நவம்பர் 12இல் தொடங்கியதால் திருத்தத்தின் கணக்குப்படி இரண்டாவது காலம் 2000 நவம்பரிலேயே தொடங்கவேண்டும் என்பது அவர் தரப்பின் நிலைப்பாடு. இதற்காக அந்த நவம்பரில் பொதுமக்கள் அறியாமல் இரண்டாம் முறை பிரமாணம் செய்துகொண்டதாக 2004இல் தெரியவந்தது. 2005 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம், இலங்கையின் மிக உயர்ந்த நீதிமன்றம், இந்த வாதத்தை ஏற்காமல் 1999 டிசெம்பர் 22ஆம் நாளிலிருந்தே ஆறு ஆண்டுகளை எண்ணியது. ஓர் ஆண்டு குறைந்தது. 2005 நவம்பர் 17இல் தேர்தல் வந்தது. விடுதலைப் புலிகளின் புறக்கணிப்பு அழைப்பினால் யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு இருவர்கூட வாக்களிக்காத அத்தேர்தலில், மகிந்த ராஜபக்ச ஏறத்தாழ ஓர் இலட்சத்து எண்பதாயிரம் வாக்கு வித்தியாசத்தில் ரணில் விக்கிரமசிங்கவை வென்றார்.

அதே கணக்கு ஐந்தாண்டுகளுக்குள் மறுபடி வந்தது, விடை மட்டும் வேறாக அமைந்தது. விடுதலைப் புலிகளுடனான போர் முடிந்த வெற்றிக் களிப்பில் 2010 ஜனவரி 26இல் ராஜபக்ச முன்கூட்டித் தேர்தல் நடத்தி, 57.88 விழுக்காட்டுடன் சரத் பொன்சேகாவைத் தோற்கடித்தார். முதற்காலம் 2005 நவம்பர் 19இல் தொடங்கியது என்பதால் இரண்டாவது காலம் 2010 நவம்பர் 19இல் தொடங்கும் என்று உயர் நீதிமன்றம் கருத்துரைத்தது. சந்திரிகா இழந்த ஓராண்டுக்கு ஏறத்தாழ இணையான காலம் ராஜபக்சவுக்குக் கிடைத்தது. இருவரும் பிரமாணத்தை எப்போது செய்துகொண்டனர் என்பதை இவ்வேறுபாட்டுக்குக் காரணமாகச் சொல்லலாம். ஆனால் நாட்டின் தலைவர் எந்த நாளில் விலகவேண்டும் என்பது அவர் எந்த நாளில் பிரமாணம் செய்தார் என்பதைச் சார்ந்திருக்குமாயின், அந்த விதி நன்கு எழுதப்பட்டதாகாது.

2010 ஏப்ரல் பொதுத் தேர்தலில் ஆளும் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 225 இடங்களில் 144 பெற்றது. மூன்றில் இரண்டு பங்கு என்பது 150. ஆறு இடங்கள் குறைவு. 1989 முதல் அதுவரை நடந்த எந்தத் தேர்தலிலும் ஒரு தரப்பு இந்த எல்லைக்கு இவ்வளவு அருகில் வந்திருக்கவில்லை. எஞ்சிய இடங்களை வாக்காளர் தரவில்லை. மற்றக் கட்சிகளின் உறுப்பினர் தந்தனர். எதிரணிக் கூட்டில் நின்று வென்ற ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் அரசை ஆதரிக்க முன்வந்தது. ஐக்கிய தேசியக் கட்சியிலிருந்தும் சிலர் பிரிந்து வந்தனர். கட்சியிலிருந்து நீக்கப்பட்ட உறுப்பினர் ஆசனத்தை இழப்பார் என்று அரசமைப்பு கூறினாலும், அந்த நீக்கம் செல்லாது என உயர் நீதிமன்றம் கண்டால் ஆசனம் தப்பும் என்பதும் அதே விதியில் உண்டு. நடைமுறையில் கட்சி தாவியவர் பலர் ஆசனத்தோடு தப்பியிருந்தனர். விகிதாசார முறை அடைத்த வழியை இந்த விதிவிலக்கு திறந்துவிட்டது.

அவ்வாறு சேர்ந்த பெரும்பான்மையைக்கொண்டு வந்ததே பதினெட்டாவது திருத்தம். அமைச்சரவை அதனை நாட்டு நலனுக்கான அவசரச் சட்டமூலம் என்று சான்றளித்தது. சட்டமூலம் என்பது பாராளுமன்றம் ஏற்பதற்கு முன்னைய நிலையிலுள்ள சட்ட வரைவு. அன்றைய விதிப்படி, அவசரமானது என்று சான்றளிக்கப்பட்டால் பொதுமக்கள் அதனை வர்த்தமானியில், அதாவது அரசிதழில், படித்து எதிர்வாதம் ஆயத்தம் செய்ய அவகாசம் இருக்கவில்லை. நீதிமன்றமும் மிகச் சில நாள்களுக்குள் முடிவுகூற வேண்டியிருந்தது. 31(2)ஐ நீக்குவதற்கு மக்கள் தீர்ப்பு தேவையா என்பதே முதன்மையான வினா. உறுப்புரை 83இன் வரிசையில் அது இல்லை என்பதோடு, இரு தடவை பதவி வகித்தவரும் களத்தில் நிற்க முடிந்தால் வாக்காளரின் தெரிவு விரியுமேயன்றிக் குறுகாது என்ற கருத்தையும் உயர் நீதிமன்றம் ஏற்றது. பதவியில் இருப்பவரின் கையில் அரச ஊடகம், அரச ஊழியர், அரச வாகனம், தேர்தல் நாளைக் குறிக்கும் உரிமை ஆகிய யாவும் இருக்கும் ஒரு நாட்டில் இந்த வாதம் எவ்வளவு தூரம் நிற்கும் என்பது ஐயத்துக்குரியது.

2010 செப்டெம்பர் 8இல் 161 பேர் ஆதரவாகவும் 17 பேர் எதிராகவும் வாக்களிக்க, திருத்தம் நிறைவேறியது. ஐக்கிய தேசியக் கட்சி வாக்கெடுப்பைப் புறக்கணித்தது. தடவை எல்லை நீங்கியதோடு, நான்கு ஆண்டுக்குப் பின் முன்கூட்டித் தேர்தல் நடத்தும் உரிமை முதற்காலத்துக்கு மட்டுமன்றி ஒவ்வொரு காலத்துக்கும் உரியதாயிற்று. 2001ஆம் ஆண்டின் பதினேழாவது திருத்தம் தந்த, உயர் பதவி நியமனங்களில் ஜனாதிபதியைக் கட்டுப்படுத்திய அரசமைப்புப் பேரவை வெறுமனே கருத்துக் கூறும் குழுவாகச் சுருங்கியது. ராஜபக்சவின் இரண்டாவது காலம் அன்று தொடங்கியிருக்கவே இல்லை. அது தொடங்க இன்னும் பத்து வாரங்கள் இருந்தன. இரண்டாவது காலத்தில் ஒரு நாளைக்கூடக் கழிக்காத நிலையில் மூன்றாவதற்கான வழி திறந்துவைக்கப்பட்டது.

நான்கு ஆண்டு நிறைந்தது 2014 நவம்பர் 19இல். மறுநாளே தேர்தல் பிரகடனம் வெளிவந்தது. 2010 ஜனவரியிலேயே ராஜபக்ச இரண்டாம் தடவையும் தெரிவாகிவிட்டதால் தகுதியிழப்பு அன்றே அவரைப் பற்றிக்கொண்டது, செப்டெம்பரில் வந்த திருத்தம் அதைப் பின்னோக்கி நீக்காது என்று முன்னாள் பிரதம நீதியரசர் சரத் என். சில்வா வாதாடினார், தடை எதுவும் இல்லை என்று உயர் நீதிமன்றம் ஜனாதிபதிக்குக் கருத்துரைத்தது. பிரகடனத்துக்கு மறுநாள், அரசின் சுகாதார அமைச்சரும் சுதந்திரக் கட்சியின் பொதுச் செயலாளருமான மைத்திரிபால சிறிசேன எதிரணியின் பொது வேட்பாளராக வெளியேறி வந்தார். 2015 ஜனவரி 8இல் சிறிசேன 51.28, ராஜபக்ச 47.58 விழுக்காடு பெற்றனர். வடக்கு, கிழக்கு மாகாணங்களின் ஐந்து தேர்தல் மாவட்டங்களில் சிறிசேனவுக்குக் கிடைத்த முன்னிலை, நாடளாவிய நான்கரை இலட்ச வாக்கு வித்தியாசத்தைவிடப் பெரியது. யாழ்ப்பாணத்தில் முக்கால் பங்கு வாக்காளர் அவரையே தேர்ந்தனர். பத்தாண்டுகளுக்கு முன் அம்மக்களின் வாக்கு பெட்டிக்கு வராததால் பதவிக்கு வந்தவர், அது வந்தபோது இறங்கினார். 2016 நவம்பர்வரை இருந்திருக்கக்கூடிய காலத்தில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளை அவரே தேர்தலில் பணயம் வைத்திருந்தார்.

2015 ஏப்ரல் 28இல் பத்தொன்பதாவது திருத்தம் இரு தடவை எல்லையை மீட்டது. ஆதரவு 212, எதிர்ப்பு 1. பதவிக்காலம் ஐந்தாண்டாகக் குறைந்தது. அரசமைப்புப் பேரவை மீண்டது. அவசரச் சட்டமூல முறை ஒழிந்தது. இதில் வியப்புக்குரியது எண்ணிக்கையைக் காட்டிலும் அவையே: 2010 ஏப்ரலில் தெரிவான பாராளுமன்றமே, இடையில் ஒரு பொதுத் தேர்தலும் இல்லாமல், எல்லையை நீக்கியும் மீண்டும் வைத்தும் வாக்களித்தது. ஐந்தாண்டுக்குள் அவர்களின் அரசமைப்புக் கோட்பாடு மாறியது என்று நம்புவதற்கு இடமில்லை, மாறியது ஜனாதிபதி.

புதிய கால எல்லையைச் சோதித்த முதலாமவர் அதனைக் கொண்டுவந்தவரே. பதவியேற்ற நாளிலேயே மறுபடி போட்டியிடமாட்டேன் என்று அறிவித்த சிறிசேன, மக்கள் தமக்கு ஆணை தந்தது ஆறு ஆண்டு விதியின்கீழ் என்பதால் 2021வரை இருக்கலாமா என்று 2018 ஜனவரியில் உயர் நீதிமன்றத்தைக் கேட்டார். ஐந்து ஆண்டே என்று நீதியரசர் ஐவரும் ஒருமித்துக் கூறினர். மூன்றாவது முறை நிற்க இயலாத மகிந்த ராஜபக்சவின் இடத்தில் 2019 நவம்பர் தேர்தலில் அவர் தம்பி கோட்டாபய நின்று 52.25 விழுக்காட்டுடன் வென்றார். தனி ஆளை எண்ணும் விதி குடும்பத்தை எண்ணுவதில்லை. 2020 ஒக்டோபரின் இருபதாவது திருத்தம் ஜனாதிபதியின் பழைய அதிகாரங்களுட் பலவற்றை மீட்டுத் தந்தபோதும் இரு தடவையையும் ஐந்தாண்டையும் அப்படியே விட்டது. கோட்டாபயவின் காலத்தை முடித்தது அரசமைப்பின் நாள்காட்டியன்று. 2022இன் பொருளாதார வீழ்ச்சியும் ஜூலை 9இல் ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்த மக்கள் திரளுமே. எஞ்சிய காலத்துக்குப் பாராளுமன்றம் ஜூலை 20இல் ரணில் விக்கிரமசிங்கவை 134 வாக்குகளால் தெரிவுசெய்தது. விஜேதுங்கவைப் போல அவருடைய காலமும் தடவைக் கணக்கில் சேராது.

பத்தொன்பதாவது திருத்தம் 30(2)இல் ஆறை ஐந்தாக்கியபோது, உறுப்புரை 83இல் இருந்த "ஆறு ஆண்டுகளுக்கு மேல்" என்ற சொற்களைத் தொடவில்லை. தொட்டிருந்தால் மக்கள் தீர்ப்பு வேண்டியிருந்திருக்கும். இதன் விளைவாக ஐந்தை ஆறாக்க மூன்றில் இரண்டு பங்கு மட்டும் போதும், ஆறை ஏழாக்கவே மக்கள் தீர்ப்பு வேண்டும் என்ற விந்தையான நிலை உண்டாயிற்று. 2024 ஜூலையில் தொழிலதிபர் ஒருவர் பதவிக்காலம் குறித்த விளக்கம் கிடைக்கும்வரை தேர்தலை நிறுத்தக் கோரித் தொடுத்த வழக்கை உயர் நீதிமன்றம் செலவுத் தொகை விதித்துத் தள்ளியது. அதே மாதம் அரசு, 83இல் ஆறு என்பதை ஐந்தாக மாற்றும் ஒரு திருத்தச் சட்டமூலத்தை வர்த்தமானியில் வெளியிட்டது. தேர்தலைக் குழப்பும் முயற்சி என்று எதிரணி ஐயுற்ற அது நிறைவேறாமலே, செப்டெம்பர் 21இல் தேர்தல் உரிய நாளில் நடந்து அநுர குமார திசாநாயக்க வென்றார். அச்சட்டமூலமும் ஆண்டுகளின் எண்ணிக்கையை மட்டுமே 83இன் காப்புக்குள் இறுக்க முனைந்தது. தடவைகளின் எண்ணிக்கையை அந்த வரிசையிற் சேர்க்க அதில் எதுவும் இல்லை.

அதே ஆண்டு நவம்பர் 14இல் நடந்த பொதுத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 225இல் 159 இடங்களைப் பெற்றது. நிறைவேற்றதிகார ஜனாதிபதி முறையை ஒழிப்பதாக வாக்களித்து வந்த அந்த அணிக்கு, விகிதாசார முறை வந்தபின் முதல் தடவையாக, கட்சி தாவுவோர் எவருமின்றியே மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தது.